முடியாத கேமை ஊருக்கே திறந்துவிடலாமா?

போன மாதம் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் ஒரு பில்ட் (கேமின் அப்போதைய பதிப்பு) அனுப்பியிருந்தார்கள். ஆறு பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம். நன்றாகவே செய்திருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, இன்னும் முடியல. ஆனா ஓப்பன் பீட்டா விட்டுடலாமா? ஜனங்க ஆடிப் பார்த்துச் சொன்னா அதை வச்சு மீதியை முடிச்சிடுவோம்."

ஓப்பன் பீட்டா என்றால், இன்னும் முடியாத கேமை யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கத் திறந்துவிடுவது. பத்து வருடங்களுக்கு மேலாக கேம் சர்வர்களோடுதான் என் பிழைப்பு. இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை வரும்போதும் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் இதே கேள்விக்கு நாங்கள் ஒருமுறை "சரி, விட்டுடலாம்" என்று அவசரப்பட்டு முடிவெடுத்து, இரண்டு வருட உழைப்பை ஒரே வாரக் கடைசியில் பறிகொடுத்திருக்கிறோம். அவர்களுக்கு எழுதிய பதில் நீண்டுகொண்டே போனதால், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முடியாத கேமை வெளியில் விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எது முடியவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். வர்ணம் பூசாத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்குக் கூப்பிட முடியுமா? பத்து மேப் போட நினைத்து மூன்றுதான் தயாராக இருக்கிறது, பின்னணி இசை தற்காலிகமானது, மெனு அழகாக இல்லை என்றால் அதெல்லாம் வர்ணம். லாக்இன் ஆவது, ஆடியது சேமிக்கப்படுவது, இணைப்பு அறுந்தால் திரும்ப உள்ளே வருவது, தொடங்கிய மேட்ச் ஒழுங்காக முடிவது, இவையெல்லாம் தண்ணீர். அது வராமல் கதவைத் திறக்காதீர்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு பேர் ஆடும் படகுப் பந்தயம். மூன்று மாதம் டெஸ்ட் செய்தோம், நாற்பது பேர். நாற்பது பேரும் எங்கள் அலுவலகத்து ஆட்கள், ஒரே வைஃபை, எல்லோர் கையிலும் நல்ல போன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கேமின் பெயருக்குப் பின்னால் 'பீட்டா' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் வெளியிட்டோம். ஸ்டோரில் டெஸ்டிங்குக்கென்றே தனி வழி இருக்கிறது, அதில் விடவில்லை. முதல் நான்கு மணி நேரம் சந்தோஷமாகப் போனது, ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள், கேக் வெட்டினோம். பதினொரு மணிக்கு லாக்இன் நின்றது.

காரணம் கண்டுபிடிக்க விடிந்துவிட்டது. ஒவ்வொரு லாக்இனுக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு கனெக்‌ஷன் திறப்போம். லாக்இன் பாதியில் தோற்றால் அந்த கனெக்‌ஷனை மூடும் வரி புரோகிராமில் இல்லை, ஒரே நேரத்தில் இத்தனைதான் திறக்கலாம் என்ற எல்லையும் உண்டு. சாதாரணமான பிழைதான், ஆனால் மூன்று மாத டெஸ்டிங்கில் கண்ணில் படவே இல்லை. ஏன் தெரியுமா? அலுவலகத்தில் புது பில்ட் ஏற்ற தினமும் காலையில் சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தோம். முந்தின நாள் மூடாமல் கிடந்த கனெக்‌ஷன்கள் எல்லாம் அதிலேயே துடைக்கப்பட்டுவிடும். நல்ல வைஃபையில் லாக்இன் தோற்பதும் அபூர்வம். வெளியே சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களிலிருந்து ஆயிரம் பேர் வந்ததும் ஐந்தே மணி நேரத்தில் கனெக்‌ஷன் அத்தனையும் தீர்ந்துபோனது.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. ஒரு பையன் டிஸ்கார்டில் (கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் ஆப்) எழுதியிருந்தான்: "அண்ணா, நான்தான் ஃபர்ஸ்ட் வந்துட்டு இருந்தேன். தோத்துட்டதா காட்டுது. மூணு தடவை." லாக்கை (சர்வர் எழுதிவைக்கும் நடப்புப் பதிவு) எடுத்துப் பார்த்தேன். மூன்று மேட்சிலும் பாதியில் அவன் ஐபி முகவரி (இணையத்தில் அவன் போனின் அடையாள எண்) மாறியிருக்கிறது. வீட்டு வைஃபை எல்லையைத் தாண்டி வாசலுக்கு வந்து ஆடியிருக்கிறான், போன் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கிறது. எங்கள் சர்வருக்கு அது 'ஆள் ஓடிவிட்டான்' என்று அர்த்தம், உடனே தோல்வி எழுதிவிடும். மறுநாள் சரிசெய்து அவனுக்கு எழுதினேன். அவன் ஏற்கனவே அன்இன்ஸ்டால் செய்திருந்தான். ஒரு ஸ்டார் ரிவியூவும் போட்டிருந்தான், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

நான்கு மாதம் கழித்து எல்லாவற்றையும் சரிசெய்து பழைய ஆட்களுக்கெல்லாம் மெயில் அனுப்பினோம். பத்தில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இலவச கேம்தானே, திரும்ப வருவார்கள் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். ஆடுபவருக்கு அது இலவசமில்லை. ஒரு ஜிபி டவுன்லோட் செய்திருக்கிறார், போனில் இடம் பிடிக்க எதையோ அழித்திருக்கிறார், ஒரு மாலை நேரத்தைக் கொடுத்திருக்கிறார். பீட்டா என்ற வார்த்தை நமக்குள் பேசிக்கொள்ளும் தொழில் வார்த்தை, அவருக்கு அது கேம் வந்தாச்சு, அவ்வளவுதான்.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 'மல்ட்டிவெர்சஸ்' என்று ஒரு சண்டை கேம், பேட்மேனும் பக்ஸ் பன்னியும் ஒரே மேடையில் மோதுவார்கள். 2022 ஜூலை 26 அன்று ஓப்பன் பீட்டா திறந்தார்கள். முதல் மாதத்திலேயே 2 கோடிப் பேர் ஆடினார்கள். எந்த கேமுக்கும் கனவில்தான் வரும் கூட்டம். ஆனால் புதிய விஷயங்கள் வரும் வேகம் அந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை, சில மாதங்களில் ஆட்கள் கரைந்தார்கள். 2023 ஜூன் 25 அன்று பீட்டா முடிந்தது என்று ஆன்லைன் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பீட்டா நடக்கும்போதே 100 டாலர் வரைக்கும் ஃபவுண்டர் பேக் (ஆரம்பத்திலேயே பணம் கட்டுபவர்களுக்கான தொகுப்பு) விற்றிருந்தார்கள், வாங்கியவர்களுக்குப் பதினோரு மாதம் ஆன்லைனில் ஆட கேமே இல்லை. 2024 மே 28 அன்று முறையாக வெளியிட்டார்கள், 2025 மே 30 அன்று சர்வர்களை மூடிவிட்டார்கள். அந்த இரண்டு கோடிப் பேரைப் பொறுத்தவரை கேம் வெளியான நாள் 2022 ஜூலைதான். 2024 அவர்களுக்கு மறுபடி வெளியான பழைய சரக்கு.

இன்னொரு தப்பு, பீட்டாவைத் திறந்துவிட்டு, அது சொல்வதைக் கேட்க நேரமே வைக்காதது. 'ஃபைனல் ஃபேன்டஸி 14' முதல் தடவை வெளியானது 2010 செப்டம்பர் 30. அதன் ஓப்பன் பீட்டா தொடங்கியது அதே செப்டம்பர் தொடக்கத்தில். மெனு திறக்கவே தாமதமாகிறது என்று ஆடியவர்கள் கத்தினார்கள். ஒரு மாதத்துக்குள் என்ன செய்ய முடியும்? அது அடித்தளத்திலேயே இருந்த கோளாறு. ஒரு வருடத்துக்கு மேல் மாதக் கட்டணமே வாங்காமல் ஓட்டினார்கள், அந்த டிசம்பரிலேயே நவோகி யோஷிடா என்ற புதுத் தயாரிப்பாளரைப் பொறுப்பில் வைத்தார்கள், கடைசியில் 2012 நவம்பரில் சர்வரை மூடி, கேமைப் புதிதாகவே எழுதி 2013 ஆகஸ்ட் 27 அன்று 'எ ரெல்ம் ரிபார்ன்' என்று கொண்டுவந்தார்கள். இன்று அது உலகின் பெரிய ஆன்லைன் கேம்களில் ஒன்று. இதைக் காட்டி "பார்த்தீங்களா, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அதைச் செய்த ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி கையில் இருந்த பணம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்பேன்.

சோனியின் 'கான்கார்ட்' கதையும் அதே ஜாதிதான். 2024 ஜூலையில் ஓப்பன் பீட்டா. இலவசமாகத் திறந்தும் ஸ்டீமில் (கணினி கேம் விற்கும் ஆன்லைன் கடை) ஒரே நேரத்தில் 2,500 பேர்கூட ஆடவில்லை. பீட்டா உண்மையைச் சொல்லிவிட்டது. ஆகஸ்ட் 23 அன்று 40 டாலருக்கு வெளியிட்டார்கள், செப்டம்பர் 6 அன்று சர்வர்களை மூடி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பீட்டாவுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் ஒரு மாதம்தான். அந்த நிலையில் யார் இருந்தாலும் பெரிதாக எதையும் மாற்றியிருக்க முடியாது.

அப்படியானால் ஓப்பன் பீட்டா எதற்கு? கூட்டம் வந்தால் மட்டுமே தெரியும் விஷயங்களுக்கு. சர்வர் எவ்வளவு தாங்கும், மேட்ச் கிடைக்க எவ்வளவு நேரமாகிறது, விதவிதமான போன்களிலும் நெட்வொர்க்குகளிலும் என்ன ஆகிறது, நாம் யோசிக்காத எதை மக்கள் செய்து பார்க்கிறார்கள். 1997 ஆகஸ்டில் 'அல்டிமா ஆன்லைன்' பீட்டாவில் நடந்தது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கேமை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற அரசராக உள்ளே வந்து உரையாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பாத்திரத்தைக் கொல்லவே முடியாதபடி ஓர் அமைப்பு உண்டு. சற்று முன்னால் சர்வர் கிராஷ் ஆனதால் அவர் மறுபடி லாக்இன் ஆகியிருந்தார், அந்த அமைப்பு அவரோடு திரும்பி வரவில்லை. கூட்டத்தில் ஒரு வீரர் நெருப்பு மந்திரம் போட்டார், அரசர் செத்தே போனார். கிராஷுக்குப் பிறகு எது நினைவில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதை அத்தனை பேர் முன்னால் அந்த ஒரு மந்திரம் காட்டிக்கொடுத்தது. இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்கத்தான் ஊர் வேண்டும். ஏற்கனவே உங்கள் பட்டியலில் இருக்கும் பிழையை மறுபடி கண்டுபிடிக்க ஊரைக் கூப்பிடாதீர்கள். கேம் சுவாரசியமாக இருக்கிறதா என்று பார்க்கவும் ஊர் வேண்டாம், பதினைந்து அந்நியர்கள் போதும். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர்கள் எங்கே போனைக் கீழே வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்று சின்னக் கூட்டத்தை வைத்து டெஸ்ட் செய்ய எல்லா வழியும் இருக்கிறது. பிளே ஸ்டோரில் இன்டர்னல் டெஸ்டிங்குக்கு 100 பேர் வரை, அதற்கு மேல் அழைத்தவர்கள் மட்டும் ஆடும் குளோஸ்டு, அதற்கும் மேல் ஓப்பன் டெஸ்டிங். இந்த வழியில் வரும் கருத்துகள் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், வெளியே தெரியும் ஸ்டார் மதிப்பில் சேராது. நாங்கள் தவறவிட்டது இதைத்தான். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் டெவலப்பர் கணக்கு தொடங்கியவர்கள் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து குளோஸ்டு டெஸ்ட் நடத்தினால்தான் வெளியிட அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியும். அதைச் சடங்காக முடிக்க நண்பர்களின் மெயில் ஐடிகளை வாங்கிப் போடுகிறார்கள் பலர். அந்தப் பதினான்கு நாளை உண்மையாகவே பயன்படுத்துங்கள். ஐபோனுக்கு டெஸ்ட்ஃபிளைட், வெளியாட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம், ஒரு பில்ட் 90 நாள் வேலை செய்யும். கணினி கேம் என்றால் ஸ்டீம் பிளேடெஸ்ட் இருக்கிறது. அதில் ரிவியூ எழுத முடியாது என்பதே சின்ன டீம்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

மேட்ச்மேக்கிங் (ஒரு மேட்சுக்கு ஆட்களைச் சேர்த்துவிடுவது) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மாணவர்கள் கணக்கே போடாமல் விடும் இடம் இது. ஒரே நேரத்தில் 200 பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்று விதமான ஆட்டம், ஒவ்வொன்றிலும் திறமைக்கு ஏற்ப ஐந்து பிரிவு என்றால் பதினைந்து வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று பேர். அதில் பெரும்பாலானவர்கள் ஏற்கனவே மேட்சில் இருப்பார்கள். ஆறு பேர் சேர வேண்டிய கேமில் புதிதாக வருபவர் காலி வரிசையில் காத்திருந்து, கேமில் ஆளே இல்லை என்று கிளம்பிவிடுவார். பீட்டாவில் ஒரே ஒரு ஆட்டம் வையுங்கள், பிரிவே வேண்டாம். தினமும் இரவு ஏழிலிருந்து பத்து வரை மட்டும் திறங்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் சிதறும் கூட்டம் மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடும், உங்கள் டீமும் அந்த நேரம் முழித்திருந்து லாக் பார்க்கலாம். பீட்டாவை வெள்ளிக்கிழமையில் தொடங்கவே தொடங்காதீர்கள். செவ்வாய்க்கிழமை திறந்தால் உடைந்ததைப் புதன்கிழமை முழு டீமோடு சரிசெய்யலாம்.

அப்புறம் பணம். பீட்டாவில் பணம் வாங்காதீர்கள் என்பது என் கறாரான கருத்து. ஆடியவர்களின் டேட்டாவை அழிக்கப் போகிறீர்களா, அதை லாக்இன் திரையிலேயே பெரிதாகத் தமிழிலும் எழுதுங்கள், தேதியோடு. ஒரு பையன் மூன்று வாரம் ஆடிச் சேர்த்த படகுகள் ஒரு காலையில் காணாமல் போனால் அவனுக்கு அது திருட்டு. ஆடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பீட்டா என்று எழுதியிருக்கும் கேமில் காசு போடும் முன், நாளைக்கு இது மூடப்பட்டால் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் இல்லையென்றால் போடாதீர்கள்.

உங்கள் டெஸ்டர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் விவரத்தை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். டெஸ்டுக்கு என்று போன் நம்பர், இருப்பிடம், கான்டாக்ட் எல்லாவற்றையும் அனுமதி கேட்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரு கிராஷ் எங்கே நடந்தது என்று தெரிய, போன் மாடலும் நினைவகமும் நெட்வொர்க் வகையுமே பெரும்பாலும் போதும்.

அந்த மூன்று மாணவர்களிடம் தேதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். ஆறு பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாற வேண்டும், ஒருவர் கேமைப் பின்னால் தள்ளிவிட்டு வாட்ஸ்அப் பார்த்து வர வேண்டும், ஒருவருக்குப் போன் கால் வர வேண்டும், அதே மேட்சில் சர்வரையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஆறு பேரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஆடி, முடிவு எல்லோர் திரையிலும் ஒரே மாதிரி வர வேண்டும். இருபது மேட்ச் செய்து பார்க்கச் சொன்னேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் ஒரு வாரம் ஓடவிடவும் சொன்னேன்.

நேற்று பதில் வந்தது. இருபதில் பதினொன்று தேறியிருக்கிறது. ஓப்பன் பீட்டாவைப் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், இப்போது தெரிந்தவர்களின் தெரிந்தவர்களாக அறுபது பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பழைய 2 ஜிபி ரேம் போன் வைத்திருப்பவர்கள் கிடைத்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார்கள்.