த்ரெட் எண்ணிக்கையை நம்பும் முன்

மாட்டுத்தாவணியில் நிற்கிற பஸ்ஸையெல்லாம் எண்ணிவிட்டு, இத்தனை பஸ் ஓடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஜாவாவில் த்ரெட், அதாவது ப்ரோக்ராமுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர், எத்தனை என்று சொல்லும் ஆக்டிவ்கவுண்ட்டை நம்புவது கிட்டத்தட்ட அதுதான். வேலை செய்தாலும் சரி, தூங்கினாலும் சரி, லாக் என்ற பூட்டுக்காகக் காத்துக் கிடந்தாலும் சரி, முடியாத த்ரெட் எல்லாம் அதில் சேரும். அதுவும் கூப்பிடுகிற த்ரெட்டின் குரூப்புக்கும் அதன் உட்குரூப்புகளுக்கும் மட்டும், தோராயமாக.

வேலை முடிந்ததா என்று பார்க்க, மெயின் த்ரெட் மட்டும் மிஞ்சி இந்த எண் 1 ஆகும்வரை லூப்பில் சுற்றவிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இன்டெல்லிஜே எடிட்டர் தன் பங்குக்கு ஒரு மானிட்டர் த்ரெட்டைச் சேர்த்துவிட்டால் லூப் முடியவே முடியாது. வேலை முடியும்வரை காத்திருக்க வைக்கும் ஜாயின், கவுண்ட்டவுன்லேட்ச் எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன.

ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் இன்ஜின்) முழுவதற்கும் கணக்கு வேண்டுமென்றால் ஜாவாவிலேயே இருக்கும் த்ரெட்எம்எக்ஸ்பீனைக் கேளுங்கள். உயிரோடு இருப்பவை, உச்சம், இதுவரை தொடங்கியவை என எல்லாம் தரும். லினக்ஸின் பிஎஸ் கமாண்டில் த்ரெட்டுகளையும் கேட்டால் இதைவிடக் கூடுதலாகக் காட்டும். மெமரியைச் சுத்தம் செய்யும் ஜிசி, கம்பைலர் போன்ற ஜேவிஎம்மின் சொந்த த்ரெட்டுகளும் அதில் உண்டு, பதற வேண்டாம். ஜாவா 21-இன், ஜேவிஎம்மே நிர்வகிக்கும் இலகுவான விர்ச்சுவல் த்ரெட்டுகளை எம்எக்ஸ்பீன் எண்ணாது.

பெரிய சிக்கல் பூலில்தான், அதாவது த்ரெட்டுகளைத் தயாராக வைத்து வேலை கொடுக்கும் தொகுப்பில். சித்திரைத் திருவிழா நெரிசலில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வர் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான த்ரெட் (கோர்) 10, அதிகபட்சம் (மேக்ஸ்) 50. பூலில் இப்போது வேலை செய்யும் த்ரெட்டுகளைச் சொல்லும் ஆக்டிவ் எண் 10-ஐத் தாண்டவில்லை, பில்லும் நகரவில்லை. வேலைகள் காத்திருக்கும் க்யூவில் இடமே இல்லை என்றால்தான் பூல் 11-வது த்ரெட்டை உருவாக்கும். வரம்பு கொடுக்காத லிங்க்டுபிளாக்கிங்க்யூ என்ற க்யூ வகை நிரம்புவதேயில்லை. அந்த 50-க்கு வேலையே வராது. க்யூவுக்கு 200 மாதிரி ஒரு வரம்பு வையுங்கள். அதுவும் நிரம்பினால் என்ன செய்வதென்று ரிஜெக்‌ஷன் பாலிசியையும் முடிவு செய்யுங்கள். ஆக்டிவ் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் க்யூ நீளமும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் 4 த்ரெட் கொண்ட புதுப் பூலைத் திறந்து, ஷட்டவுன் செய்யாமல் விடுவது. 100 ரிக்வெஸ்ட்டில் 400 த்ரெட் சும்மா உட்கார்ந்திருக்கும். கடைசியில் நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை என்று அவுட் ஆஃப் மெமரி வரும். உடனே ஹீப்பை (ஆப்ஜெக்ட்டுகளுக்கான மெமரி) ஏற்றாதீர்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தேவைப்படும் ஸ்டாக் மெமரி ஹீப்புக்கு வெளியே இருக்கிறது, ஹீப் பெருத்தால் அதற்கு இடம்தான் குறையும். 10 வினாடி இடைவெளியில் இரண்டு முறை ஜேஸ்டாக் கமாண்டால் த்ரெட் பட்டியல் (டம்ப்) எடுத்துப் பெயர்களைப் பாருங்கள். பூல்-12-த்ரெட்-1, பூல்-97-த்ரெட்-3 என்று நடு எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு அங்கேதான். பூலுக்கு த்ரெட் உருவாக்கித் தரும் த்ரெட்ஃபேக்டரியில் 'பில்', 'சரக்கு' என்று நீங்களே பெயர் வைத்திருந்தால், எந்தப் பகுதி கசிகிறது என்பதும் அதே டம்ப்பில் தெரிந்துவிடும்.