பிரேசில் தோட்டம் வேண்டுமா? ஆவாரை நடுங்கள்

வீட்டுத் தோட்டம் போடச் சொல்லி வருகிறவர்களில் பலர் கைப்பேசியில் ஒரு படம் காட்டுவார்கள். வளைந்து ஓடும் பெரிய திட்டுகள், ஒவ்வொரு திட்டிலும் ஒரே செடி. பார்த்தவுடன் தெரிந்துவிடும், பிரேசில் தோட்ட வடிவமைப்பாளர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் பாணி. "இதே ஹெலிகோனியா, இதே பிலோடென்ட்ரான் வாங்கிடலாமா சார்?"

வாங்கலாம். ஆனால் சென்னைக் கடற்கரைச் சாலையான ஈசிஆர் மணலில், உப்புக் காற்றில், மே மாத வெயிலில் அந்த இலைகள் ஓரம் கருகும். அப்புறம் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

1928-ல் குடும்பத்தோடு பெர்லின் போன இளைஞர் பர்லே மார்க்ஸ். தன் நாட்டுச் செடிகளின் அழகு அவருக்குப் பிடிபட்டது அங்கே, டாலெம் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில். ஊருக்குத் திரும்பியபின், 1930களில், பிரேசிலின் ரெசிஃபி நகரச் சதுக்கம் ஒன்றில் வறண்ட உள்நாட்டுக் காட்டின் கள்ளிகளைக் கொண்டுவந்து நட்டார். ஊரார் புதர் என்று ஒதுக்கியதை நகரத்தின் நடுவில் வைத்தார். அவர் வெளிநாட்டுச் செடியே தொடாதவர் என்றில்லை. ஆனால் தொடக்கம் எப்போதும் சொந்த மண்ணைப் பார்ப்பதில் இருந்தது. காடு காடாகப் போய்ச் சேகரித்தார். ரியோ அருகே 3,500-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் வளர்ந்த அவருடைய பண்ணை 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நாட்டுச்செடி என்று ஆசைப்பட்டு நானும் ஒரு தப்பு செய்தேன். கடலோர வீடு ஒன்றில் முப்பது வகையை வகைக்கு இரண்டாகக் கலந்து நட்டேன். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "காலி மனை மாதிரி இருக்கே தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. கண்ணுக்குப் பிடித்து நிற்க ஓர் உருவமே இல்லை.

எல்லாவற்றையும் பிடுங்கினோம். சுண்ணாம்புத் தூளால் தரையில் பெரிய வளைவு போட்டு, மாடியில் ஏறி நின்று பார்த்துத் திருத்தினோம். அந்த வளைவு முழுக்க ஆவாரை மட்டும், 3 அடிக்கு ஒன்றாக 150 கன்று. கடல் பக்க மணலில் படர அடப்பங்கொடி. புன்னை மர நிழலில் காயாச் செடி. அவ்வளவுதான். ஆவாரை மஞ்சளாகப் பூத்தபோது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். காயாவின் கிளையை ஒட்டி நீலப் பூ வெடிப்பதை அந்த அம்மா அதுவரை பார்த்ததே இல்லையாம்.

ஆவாரை இலையில் பச்சைப் புழு வரும். மருந்து அடிக்கச் சொல்லிப் போன் வரும். தயவுசெய்து அடிக்காதீர்கள், பெரும்பாலும் அது மஞ்சள், வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் புழு. இலை திரும்பத் துளிர்க்கும்.

நர்சரிகளில் ஆவாரைக் கன்று லேசில் கிடைக்காது. சாலையோரம் காய்ந்த நெற்றுகளைப் பறித்து வாருங்கள். விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீர் சற்று ஆறியதும் அதில் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். ஆனியில் பையில் ஊன்றினால் ஐப்பசி மழைக்கு நடலாம்.