கறிக்குண்டாவில் நான்கு திசுக்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே சென்னிமலைக் கறிக்கடை வாசலில் ஆள் சேர்ந்துவிடும். போன வாரம் எனக்கு முன்னால் நின்றவர், "நெஞ்செலும்பு கொஞ்சம் சேத்திப் போடுங்க, கொழுப்பு வேண்டாமுங்க" என்றார். அவருக்கு முன்னால் ஒரு அம்மா குடல் வாங்கிக்கொண்டு போனார். ஈரலும் மூளையும் யாரோ முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார்கள். கடைக்காரர் தொடையைக் கொக்கியிலிருந்து இறக்கி, மேலே ஒட்டியிருந்த வெள்ளைச் சவ்வைக் கத்தி நுனியால் சர்ரென்று உரித்துப் போட்டார். "எளங்கிடாங்க, நாலு விசில் போதும்" என்று எனக்கும் ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தார்.

அந்தப் பத்து நிமிடத்தில் விலங்கு உடலின் நான்கு வகைத் திசுக்களும் அந்த மரக்கட்டை மேல் வந்து போய்விட்டன. எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. பள்ளியில் இவற்றை ரோஸ் நிறப் படங்களாக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தவர்களில் நானும் ஒருவன். கறி வேகும் விதத்தைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் பாடம் புரிந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், திசுக்களை முதலில் வகை பிரித்தவர் நுண்ணோக்கியை நம்பாத ஒரு மருத்துவர். பிரான்சில் 1771-ல் பிறந்த பிஷா. அந்தக் காலத்து நுண்ணோக்கியில் தெரிவதெல்லாம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து மாறும் என்பது அவர் எண்ணம். அதனால் பிணங்களை அறுத்து, எடுத்த பகுதிகளை வேகவைத்தார், காயப்போட்டார், அழுகவிட்டார், அமிலத்தில் ஊறவைத்தார். எது கரைகிறது, எது சுருங்குகிறது, எது அப்படியே நிற்கிறது என்று பார்த்தே 21 வகை சொன்னார். 1802-ல் இறந்தபோது அவருக்கு வயது 30. பின்னால் நல்ல நுண்ணோக்கிகள் வந்து, செல்களைப் பார்த்து, பட்டியல் நான்காகச் சுருங்கியது. அவருடைய முறை என்னவோ நம் வீட்டுக் குண்டாவில் நடப்பதுதான்.

அவர் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுச் சொல்லுக்கு நெய்த துணி என்று பொருள். அது ஆங்கிலம் வழியாக வந்து நம்மிடம் 'திசு' ஆனது. திசுக்களைப் படிக்கும் துறையான ஹிஸ்டாலஜியின் பெயரிலும் கிரேக்க மொழியின் தறி இருக்கிறது. போர்வை நெய்கிற ஊரில் பிறந்த எனக்கு இதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்தான். பாவும் ஊடையும் தெரிந்த பிள்ளைகளுக்குத் திசுவைப் புரியவைக்க வேறு உதாரணம் எதற்கு? நூல் மட்டும் துணி ஆகாது. எந்த நூல், எவ்வளவு நெருக்கம், இடையில் என்ன பசை என்பதெல்லாம் சேர்ந்தால்தான் துணி. அதுபோல ஒரே வேலைக்காகச் சேர்ந்த செல்களும் அவற்றுக்கு இடையில் இருக்கும் பொருளும் சேர்ந்தது திசு.

சரி, குடலில் தொடங்கலாம். கடையில் 'குடல்' என்று தருவதில் இரைப்பையும் சேர்ந்துதான் வரும். அந்த இரைப்பைத் துண்டைப் பிரித்தால் உள்பக்கம் குளியல் துண்டு மாதிரி சொரசொரவென்று, கருத்த நிறத்தில் இருக்கும். சுடுதண்ணீரில் போட்டு, சுண்ணாம்பு தடவிச் சுரண்டினால் அந்தக் கருப்பு உரிந்து, அடியில் வெள்ளை தெரியும். எங்கள் அம்மாயி கரண்டிக் காம்பால் இதைச் செய்வார். அப்போது அவர் உரித்தது எபிதீலியம். விட்டுவைத்த வெள்ளை, இணைப்புத் திசுவும் தசையும்.

எபிதீலியம் என்பது உடலின் எல்லைச் சுவர். வெளித்தோல், வாயின் உள்பக்கம், குடலின் உட்சுவர், மூச்சுக்குழாய், சிறுநீரகக் குழல்கள் என்று எங்கெல்லாம் ஒரு பரப்பு உண்டோ அங்கெல்லாம் இது இருக்கும். செல்கள் செங்கல் அடுக்கியது போல நெருக்கி நிற்கும்; இடையில் பொருள் கிட்டத்தட்ட இல்லை. இதற்குள் ரத்தக் குழாயும் கிடையாது. கையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், வெள்ளைக் கோடு விழும், ரத்தம் வராது. அடியில் இருக்கும் இணைப்புத் திசுவிலிருந்து கசிந்து வருவதே இதற்குச் சாப்பாடு. தேய்மானம் அதிகம் என்பதால் புதுப்பித்தலும் வேகம். நம் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் பெரும்பாலான செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதுசு வந்துவிடும். மூச்சுக்குழாயில் இதே திசு மெல்லிய மயிரிழைகளோடு நின்று, பஞ்சாலைத் தூசியைச் சளியோடு சேர்த்து மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஈரலும் முக்கால்வாசி எபிதீலியச் செல்கள்தான். கருவில் குடல் சுவரிலிருந்து மொட்டு விட்டு வளர்ந்தது அது. செல் நிறைய, நார் குறைவு. அதனால்தான் ஈரல் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடுகிறது.

சுண்ணாம்பு வேலை சமையலறையோடு நிற்பதில்லை. ஈரோட்டுப் பக்கம் தோல் பதனிடும் இடங்களிலும் முதலில் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மயிரும் மேல்தோலும், அதாவது எபிதீலியம், கழன்றுவிடும். மிஞ்சுவது அடித்தோல். அது இணைப்புத் திசு. பழைய முறையில் ஆவாரம்பட்டைச் சாற்றில் அதை ஊறவைத்தால் பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலின் நார்களைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அழுகாது. நம் காலில் கிடக்கும் தோல் செருப்பு பதனிட்ட இணைப்புத் திசுதான்.

அந்த நாரின் பெயர் கொலாஜன். உடம்பிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இது ஒன்றே. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட அமைப்பு. முப்புரிக் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில் மாடு இழுத்த வடம் எதற்காகத் திரித்துச் செய்யப்பட்டதோ, இதுவும் அதற்காகத்தான். இழுத்தால் அறக்கூடாது. தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் பந்தகம், தொடையின் மேலிருந்து கடைக்காரர் உரித்த சவ்வு, எல்லாம் இதே கயிறு.

இப்போது குண்டாவைப் பார்ப்போம். ஈரச் சூட்டில் 60 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது கொலாஜன் சுருங்கும். அப்போது கறி ரப்பராகத் தெரியும். பாதியில் திறந்து பார்த்துவிட்டு "வேகவே இல்லை" என்று சொல்வது இந்தக் கட்டத்தில்தான். இன்னும் நேரம் கொடுத்தால் முப்புரி அவிழ்ந்து தண்ணீரில் கரையும். அது ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப் விரலில் பிசுபிசுப்பதும், ஆறினால் கட்டியாக உறைவதும் இதனால். வயதான ஆட்டில் கொலாஜன் அளவு கூடிவிடுவதில்லை. கயிறுகளுக்கு இடையே விழும் முடிச்சுகள் கூடிவிடுகின்றன. எளங்கிடாவுக்கு நாலு விசில், முத்தலுக்கு எட்டு என்ற கணக்கு அந்த முடிச்சுகளின் கணக்கு.

கழுத்துக்கறி வாங்கினால் மட்டும் ஒரு மஞ்சள் பட்டை வரும். எத்தனை விசில் விட்டாலும் அது மசியாது. சமைத்தவரைக் குறை சொல்லாதீர்கள். அது எலாஸ்டின் என்ற வேறு நார். கொதிக்கும் தண்ணீருக்கு அவிழ்வதில்லை. மேய்கிற விலங்கு தலையைத் தூக்கும்போதெல்லாம் தசைக்கு வேலை வைக்காமல் ரப்பர் பட்டை மாதிரி இழுத்துக் கொடுப்பது அதுதான். தட்டோரம் ஒதுக்கிவிடுங்கள்.

இணைப்புத் திசுவின் குடும்பம் பெரியது, உறுப்பினர்களுக்குள் முகச்சாயலே இருக்காது. கொழுப்பு இதில் சேரும். நெஞ்செலும்பு நுனியில் கறுக்கென்று கடிபடும் குருத்தெலும்பும் சேரும். அதற்குள் ரத்தக் குழாய் இல்லாததால்தான் நம் முட்டியில் அது தேய்ந்தால் ஆறுவதற்குப் படாதபாடு. ரத்தமும் இந்தக் குடும்பம்தான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். செல்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்து, இடையில் பொருள் நிறைந்திருந்தால் அது இணைப்புத் திசு. ரத்தத்தில் அந்த இடைப்பொருள் திரவமாக இருக்கிறது, அவ்வளவுதான். நூல்கூடக் கரைந்த நிலையில் தயாராக இருக்கிறது. கிடா வெட்டில் ஏனத்தில் பிடித்த ரத்தம் சற்று நேரத்தில் உறைகிறதே, அப்போது ஃபைப்ரின் நூல்கள் வலை பின்னிச் செல்களைப் பிடித்துவிடுகின்றன. பொரியல் ஆவது அந்த வலை. வெள்ளாட்டின் சிவப்பணு நம்முடையதில் பாதி அகலம்கூட இருக்காது என்பது இடைச்செருகல்.

தசைக்கு வருவோம். நாம் 'கறி' என்று சொல்வது பெரும்பாலும் எலும்புத் தசையைத்தான். வெந்த தொடைக்கறியை விரலால் பிய்த்தால் நார் நாராகப் பிரியும். ஒவ்வொரு நாரும் நூற்றுக்கணக்கான தசைச் செல்களின் கட்டு. கட்டைச் சுற்றியிருந்த கொலாஜன் உறை கரைந்துவிட்டதால்தான் இவ்வளவு சுலபமாகப் பிரிகிறது. ஒரு செல்லின் தடிமன் தலைமுடியளவு, நீளமோ சென்டிமீட்டர் கணக்கில். உள்ளே ஆக்டின், மயோசின் என்று இரண்டு இழைகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போவதால் தசை சுருங்குகிறது. இதை 1954-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே சொன்னார்கள். அப்போதுதான் அறுத்த கறி கட்டை மேல் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிர் மிச்சமிருக்கிறது என்பார்கள் பெரியவர்கள். மிச்சமிருப்பது ஏடிபி என்ற எரிபொருள். அது தீர்ந்ததும் மயோசின் பிடித்த பிடியை விடமுடியாமல் நின்றுவிடும், கறி விறைக்கும். விடுவதற்கும் எரிபொருள் வேண்டும்.

இன்னும் இரண்டு தசைகள் உண்டு. குடல் சுவரில் இருப்பது வரியில்லாத் தசை. நாம் சொல்லாமலே அலை அலையாகச் சுருங்கி உணவைத் தள்ளும். இதயத்தில் இருப்பது இதயத் தசை. செல்கள் கைகோத்து நிற்பதால் ஒன்று துடித்தால் அத்தனையும் துடிக்கும். காங்கேயம் காளையின் திமிலைக் கொழுப்பு மூட்டை என்று நினைத்திருந்தேன். அது ஒட்டகத்துக்கு. காளையின் திமிலில் பெரும்பங்கு தசைதான்.

கடைசியாக நரம்பு. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "கையில் நரம்பு புடைச்சிருக்கு" என்று நாம் காட்டுவது ரத்தக் குழாய். கறியில் பல்லில் மாட்டும் 'நரம்பு' தசைநாண். உண்மையான நரம்புத் திசுவைத் தட்டில் பார்க்க வேண்டுமானால் மூளை வறுவல்தான். கையில் எடுத்தால் வழுவழுவென்று நிற்காமல் சரியும், ஏனென்றால் உள்ளே தாங்கிப்பிடிக்கக் கொலாஜன் கயிறு ஏறக்குறைய இல்லை. வெளியே போர்த்தியிருக்கும் உறைகள்தான் காவல். செய்தி அனுப்பும் நியூரான்களும், அவற்றைப் பராமரிக்கும் கிளியா செல்களும், கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போலச் சுற்றிய மயலின் கொழுப்பும் சேர்ந்தது அது. நம் உடலில் இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஒரே செல்லின் இழை ஒரு மீட்டர் ஓடுகிறது. மயலின் சுற்றிய தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில்கூடப் போகும்.

பிஷாவின் அமில வேலையையும் வீட்டில் செய்து பார்த்தோம். என் மகள் ஒரு கோழிக்கால் எலும்பை வினிகரில் போட்டாள். கறி ஒட்டியிருந்ததைச் சரியாகச் சுரண்டாததால் முதல் எலும்பு நாற்றமடித்து வெளியே போனது. இரண்டாவதைச் சுத்தமாகத் தேய்த்து, வினிகரை இரண்டு முறை மாற்றி, ஒரு வாரம் விட்டோம். வடிவம் மாறவில்லை, ஆனால் ரப்பர் குழாய் போல வளைந்தது. சுண்ணாம்புச் சத்தை அமிலம் கரைத்துவிட, கொலாஜன் மட்டும் நின்றது. இன்னொன்றை அடுப்பு நெருப்பில் வெளுக்கும்வரை சுட்டோம். அதுவும் வடிவம் மாறவில்லை, ஆனால் விரலில் அழுத்தியதும் பொடிந்தது. இங்கே கொலாஜன் எரிந்து, தாது மட்டும் மிச்சம். எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தாதுதான்.

"இந்தப் பொடியையும் அந்த ரப்பரையும் சேத்தா மறுபடி எலும்பு ஆகுமாப்பா?" என்று கேட்டாள். ஆகாது. அதற்கு உயிருள்ள எலும்புச் செல்கள் வேண்டும். அவை முதலில் கொலாஜனை நெய்து, அதன் மேல் தாதுவைப் படிய வைக்கும். போன வருடம் சைக்கிளிலிருந்து விழுந்து அவளுடைய கை மாவுக்கட்டில் இருந்த ஆறு வாரமும் உள்ளே அந்த நெசவுதான் நடந்தது. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.