சொல் விளக்கம்: மீட்டெடுப்புக் கப்பல்

2022 ஏப்ரல் 14 அன்று ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் கருங்கடலில் மூழ்கியதையடுத்து, செவஸ்தபோல் துறைமுகத்திலிருந்து கொம்மூனா என்னும் முதிய கப்பல் அந்த இடத்துக்குச் சென்றதாகச் செய்திகள் வந்தன. அதை ‘மீட்புக் கப்பல்’ என்று மட்டும் எழுதினால், நீரில் தத்தளிக்கும் மாலுமிகளைக் காப்பாற்றப் போகும் கப்பல் என்றே படிப்பவர் கொள்வார். ஆனால் கொம்மூனா கட்டப்பட்டதோ கடலடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளைத் தூக்கி மேலே கொண்டுவருவதற்காக. இத்தகைய கப்பலை ஆங்கிலத்தில் ‘சால்வேஜ் ஷிப்’ என்பர்.

‘சால்வேஜ்’ என்பதன் வேர், ஊறுபடாத, பத்திரமான என்று பொருள்படும் ‘சால்வுஸ்’ என்னும் லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது செயலைக் குறிக்கவில்லை. ஆபத்திலிருந்து கப்பலையோ சரக்கையோ காத்தவருக்கு உடைமைக்காரர் தரவேண்டிய ஊதியத்தையே குறித்தது. காக்கும் செயலும், காக்கப்பட்ட பொருளும் பிறகே அச்சொல்லின் பொருள்களாயின. கடற்சட்டத்தில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1989ஆம் ஆண்டு லண்டனில் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையின்படி, பயன் விளைந்தால்தான் ஊதியம். உயிர் பிழைத்தவர் தம்மைக் காத்தவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. மனிதரைக் காப்பதும் உடைமையைக் காப்பதும் அங்கே வேறு வேறு கணக்கு. அந்த ஊதியத்தைத் தமிழில் ‘மீட்பூதியம்’ என்று சொல்லிவிடலாம்.

தமிழில் ‘மீள்’ என்பது தன்வினை: திரும்பி வருதல். அதன் பிறவினை ‘மீட்டல்’: திரும்ப வரச் செய்தல். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையைத் திரும்பக் கொணர்வதை, ‘வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்’ என்று பழம்பாட்டு சொல்கிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். இழந்த நிலத்தை மீட்கிறோம். ஆற்றோடு போனவரின் உடலையும் மீட்கிறோம். கைவிட்டுப் போனது உரியவரிடம் திரும்புவதே இவை எல்லாவற்றிலும் உள்ள பொருள். அந்த வகையில் ‘மீட்பு’ சால்வேஜுக்கு மிக நெருங்கிய சொல்தான். இன்றைய வழக்கில் உயிர்காக்கும் பணியே அதை நிரப்பிக்கொண்டுவிட்டதால் தனித்து நின்று பொருள் தர இயலவில்லை.

ஆகவே நான் தேர்வது ‘மீட்டெடுப்புக் கப்பல்’. இங்கே ‘எடு’ வெறும் துணைவினை அன்று. எடுத்தல் என்பதற்கு உயர்த்துதல், தூக்குதல் என்ற பொருளும் உண்டு. சேற்றில் புதைந்த கலத்தின் அடியில் முக்குளிப்போர் நீரைப் பீய்ச்சி வழி குடைந்து, எஃகு வடங்களை நுழைத்துச் சுற்றிக் கட்டுகிறார்கள்; இழுக்கும்போது கலத்தின் எடையோடு சேற்றின் பிடிப்பும் சேர்ந்துகொள்வதால், அது அடியை விட்டுப் பிரியும் முதல் நொடிதான் மிகக் கடினமானது. மீட்பும் எடுப்பும் ஒருசேர நிகழும் இந்த வேலைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

கொம்மூனா 1913இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் நீரில் இறக்கப்பட்டு, 1915இல் வோல்கவ் என்ற பெயரில் ஜார் மன்னரின் கடற்படையில் சேர்ந்தது; இன்றைய பெயர் 1922இல் வந்தது. சுமார் 96 மீட்டர் நீளமுள்ள இரண்டு கப்பல் உடல்கள், மேலே வளைவுச் சட்டங்களால் இணைக்கப்பட்டிருக்கின்றன. மூழ்கிய கலம் அவற்றின் நடுவே மேலேறி வரும். 1919இல் பால்டிக் கடலில் மாலுமிகள் அனைவரோடும் மூழ்கிய எல்-55 என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கியை 1928இல் தூக்கியது இக்கப்பல்தான். உள்ளே கிடைத்த மாலுமிகளின் உடல்கள் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டன; நீர்மூழ்கி செப்பனிடப்பட்டுச் சோவியத் கடற்படையில் சேர்ந்தது. உடல்கள் உரியவரிடம் மீண்டன, கலமோ எடுத்தவரிடமே தங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராட் (இன்றைய புனித பீட்டர்ஸ்பர்க்) முற்றுகையின்போது லடோகா ஏரியில் மூழ்கிய டாங்கிகளையும் வண்டிகளையும் தூக்கிய கொம்மூனா, 1967இல் கருங்கடலுக்கு மாறியது.

இத்தகைய இரட்டை உடற்கப்பலை உலக மொழிகள் பலவும் ‘கேட்டமரன்’ என்கின்றன. அது நம் ‘கட்டுமரம்’ என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. கொம்மூனாவைத் தமிழில் கட்டுமரம் என்று எழுதினால் படம் மாறிவிடும். ‘இரட்டை உடற்கலம்’ என்பதே தெளிவு.

2024 ஏப்ரல் 21 அன்று செவஸ்தபோலில் கொம்மூனாவைத் தாக்கியதாக உக்ரைன் கடற்படை அறிவித்தது. ஏவுகணை முறியடிக்கப்பட்டதாகவும் அதன் சிதறல்களால் சிறு தீ மூண்டதாகவும் ரஷ்யத் தரப்பு கூறியது. அன்றைய நிகழ்வைத் தமிழில் எழுதும்போது ‘நூற்றாண்டு கடந்த மீட்டெடுப்புக் கப்பல் தாக்கப்பட்டதாக உக்ரைன் அறிவிப்பு’ என்று எழுதலாம்.