மயக்கத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்பது

2021 ஜனவரி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். சாட்ஸ்வர்த்தில் இருந்த ஒரு அம்மாவுக்கு போன் செய்தேன். அவர் கணவர் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில், மயக்க மருந்தில் இருந்தார், வீட்டார் யாரையும் உள்ளே விட முடியாத காலம் அது. ஒரு மருந்து ஆய்வில் அவரைச் சேர்க்கலாமா என்று பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "நான் வேண்டாம்னு சொன்னா ஆக்சிஜனை எடுத்துடுவீங்களா டாக்டர்?"

பதினைந்து நிமிஷம் பேசியும், முதலில் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்லவே இல்லை. ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் படுக்கை, ஆக்சிஜன், வழக்கமான மருந்து எதுவும் குறையாது. அப்புறம் இன்னொன்றும் உண்டு: சேர்ந்தால் புது மருந்து கட்டாயம் கிடைக்கும் என்றும் இல்லை. யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி கணினிதான் முடிவு செய்யும், டாக்டர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது.

உயிருக்குப் போராடுகிறவரை வைத்து ஆராய்ச்சியா என்று பலர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் டெக்ஸாமெத்தசோனை நினைத்துப் பாருங்கள், விலை மலிவான பழைய மருந்து. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு வந்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 41 சதவீதம், இந்த மருந்தும் பெற்றவர்களில் 29 சதவீதம். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ இதே மருந்தால் பலன் தெரியவில்லை. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பிரித்துச் சொல்ல ஆய்வு இல்லாமல் முடிந்திருக்காது. 2021-இன் அதே ஜனவரியில் இங்கே வீட்டுக்கு வீடு ஐவர்மெக்டின் என்ற புழு நீக்க மருந்தைப் பற்றிய பேச்சு, வாட்ஸ்அப்பைத் திறந்தால் அதுதான். கால்நடைக்கான மருந்தை வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள். அத்தனை பேர் விழுங்கியும், அது யாருக்காவது உதவியதா என்று அதிலிருந்து நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

நம் நாட்டு அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு, ஒருவருடைய விவரமறிந்த சம்மதம் இல்லாமல் அவர்மேல் மருத்துவச் சோதனை செய்யக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. நிறவெறி ஆட்சியைப் பார்த்த நாட்டில் இந்த வரி சும்மா வந்ததில்லை. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டமும் ஆய்வுக்கு எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது. சரி, வாயில் குழாயோடு மயங்கிக் கிடப்பவர் எப்படி எழுதுவார்? எங்கள் நெறிமுறைக் குழு அனுமதித்த வழி, முதலில் குடும்பத்தின் சம்மதம், நோயாளி தெளிந்ததும் அவரிடமே திரும்பக் கேட்பது. இந்த இரண்டாவது பாதிதான் வேலை நெருக்கடியில் நழுவிப் போகும். படிவத்தில் மனைவியின் பெயர் இருக்கிறதே, போதும் என்று தோன்றிவிடும். போதாது. அது அவருடைய உடம்பு.

உங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்தால் அவசரப்பட வேண்டாம். வேண்டாம் என்றால் சிகிச்சையில் என்ன மாறும், இதில் என்ன ஆபத்து, அவர் கண் விழித்ததும் அவரிடம் யார் கேட்பார்கள் என்று கேளுங்கள். புரியாவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரை லைனில் சேர்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

அந்த அம்மா யோசித்து, பிள்ளைகளிடமும் பேசிவிட்டு, மறுநாள் சம்மதித்தார். மூன்று வாரம் கழித்து அவர் கணவருக்கு நினைவு தெளிந்தது. தொண்டையில் துளை போட்டிருந்ததால் பேச்சு வரவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும், தன்னைக் கேட்காமல் யார் சரி சொன்னது என்று அட்டையில் எழுதிக் காட்டினார். மனைவி என்றேன். வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு, இனி ஆய்வுக்கென்று ரத்தம் எடுக்க வேண்டாம் என்று எழுதினார். அன்றே நிறுத்தினோம். ஆக்சிஜன் அவருக்குத் தேவைப்பட்ட கடைசி நாள் வரை ஓடியது.