67 வாட் சார்ஜரில் இயர்பட்ஸைப் போடலாமா?

சென்ற மாதம் ஒரே நாளில் என் சர்வீஸ் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். காலையில் வந்தவர் முடிதிருத்தகம் நடத்துபவர். அவர் கையில் ஓடாத டிரிம்மர். மாலையில் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கையில் புத்தம்புது இயர்பட்ஸ். வாங்கி ஒரு வாரமாகியும் டீச்சர் அதைச் சார்ஜ் போடவே இல்லை. பெட்டியில் சார்ஜர் வரவில்லை. வீட்டில் இருந்தது மகனுடைய 67 வாட் சார்ஜர் மட்டும்தான். இத்தனை சின்னப் பொருளை அதில் மாட்டினால் வெடித்துவிடுமோ என்று பயந்து அப்படியே வைத்திருந்தார்.

டிரிம்மரின் மூடியைக் கழற்றியதுமே கருகிய வாடை அடித்தது. சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சில்லான சார்ஜிங் ஐசியின் முதுகில் கடுகளவு ஓட்டை. சுற்றிலும் போர்டு பழுப்பேறிக் கிடந்தது. எந்த அடாப்டரில் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, பையிலிருந்து வைஃபை ரூட்டரின் அடாப்டரை எடுத்துக் காட்டினார். “பின் சரியாகத்தான் பொருந்தியது, அண்ணே” என்றார். பொருந்தத்தான் செய்யும். ஒரே அளவு வட்டப் பின்னை 5 வோல்ட் அடாப்டரிலும் வைக்கிறார்கள், 9 வோல்ட்டிலும் வைக்கிறார்கள், 12 வோல்ட்டிலும் வைக்கிறார்கள். டிரிம்மரின் அடியில் 5 வோல்ட் என்று இருந்தது. அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

12 வோல்ட்டை 1 ஆம்பியரால் பெருக்கினால் 12 வாட். அதாவது அந்த டிரிம்மரை எரித்தது வெறும் 12 வாட் அடாப்டர். டீச்சர் பயந்த 67 வாட் சார்ஜரோ இயர்பட்ஸை ஒன்றும் செய்திருக்காது. இந்த வேறுபாட்டை எல்லோருக்கும் புரியவைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எத்தனை பெரிதானாலும், குழாயை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு தண்ணீர்தான் வரும். வாட் என்பது சார்ஜரால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கணக்கு. எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைச் சாதனத்துக்குள் இருக்கும் சார்ஜிங் ஐசி தீர்மானிக்கிறது. வோல்ட் அப்படியல்ல. அது தொட்டி இருக்கும் உயரம். ஒரு மாடிக்கென்று போட்ட குழாயில் ஐந்து மாடி அழுத்தம் வந்தால் இணைப்பு பிய்த்துக்கொள்ளும்.

தரமான யுஎஸ்பி சார்ஜர்கள் இந்த உயரத்தைத் தாமாக ஏற்றுவதில்லை. பழைய செவ்வக முனையில் (டைப்-ஏ) முதலில் கிடைப்பது 5 வோல்ட். டைப்-சி முனை இன்னும் எச்சரிக்கையானது: எதிரில் ஒரு சாதனம் இருப்பதை உணரும்வரை மின்சாரத்தையே வெளியே விடாது. 9, 15, 20 வோல்ட் எல்லாம், போனோ லேப்டாப்போ அதற்குரிய மொழியில் கேட்ட பிறகுதான் வரும். இயர்பட்ஸும் ஸ்மார்ட் வாட்ச்சும் பெரும்பாலும் கேட்பதே இல்லை. டீச்சரின் கண்முன்னே, நான் சோதனைக்கு வைத்திருக்கும் அதே அளவுச் சார்ஜரில் இயர்பட்ஸை மாட்டி, நடுவில் மீட்டரை வைத்துக் காட்டினேன். 5.1 வோல்ட், 0.28 ஆம்பியர். ஒன்றரை வாட் கூட இல்லை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அந்த எண்ணை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

ஆனால் டைப்-சி வடிவத்தில் இருப்பதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. சில மலிவான கருவிகளோடு வரும் அடாப்டர்கள், முனை டைப்-சியாக இருந்தும், எதையும் கேட்காமல் நேராக 12 வோல்ட்டை அனுப்பிவிடுகின்றன. இவை முடிதிருத்தகக்காரரின் அடாப்டரைவிட ஆபத்தானவை, ஏனென்றால் யாருக்கும் சந்தேகம் வராது. அடாப்டரின் மேல் ‘அவுட்புட்’ என்று இருக்கும் வரியைப் படியுங்கள். 5 வோல்ட் என்று தொடங்கி மற்றவை வரிசையாக இருந்தால் சரி. 12 வோல்ட் மட்டும் தனியாக இருந்தால், அதனோடு வந்த கருவியைத் தவிர வேறு எதிலும் மாட்டாதீர்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி கடைக்கு வருகிறது. இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டால் சில டார்ச்சுகளும் சின்ன ஃபேன்களும் சார்ஜ் ஏறுவதில்லை. பெரிய சார்ஜர் கெடுத்துவிட்டது என்று கொண்டுவருகிறார்கள். கெட்டுப்போகவில்லை. சாதனம் இருப்பதைச் சார்ஜருக்கு உணர்த்தும் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தயாரிப்பாளர் வைக்காமல் விட்டிருப்பார். சில பைசா மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. ஒரு பக்கம் பழைய செவ்வக முனை உள்ள கேபிளில் போட்டால் ஏறிவிடும்.

நான் உண்மையில் பயப்படுவது வாட்டைக் கண்டு அல்ல, போலி சார்ஜரைக் கண்டுதான். பிரித்தால் தெரியும். 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் நாம் கையால் தொடும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையே போர்டில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நான் பிரித்த சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே நூலிழைதான் இடைவெளி. கொஞ்சம் ஈரக்கசிவும் தூசும் சேர்ந்தால் வீட்டு மின்சாரம் நேரே கேபிளுக்கு வந்துவிடலாம். அப்போது இயர்பட்ஸ் போனால் போகட்டும், கேபிள் நம் கையில் இருந்தால்? இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

சூட்டையும் மறந்துவிடாதீர்கள். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரும் தலையணை அடியும் அந்த எல்லையை எளிதில் தாண்டும். வியர்வையோடு வாட்ச்சைச் சார்ஜில் வைத்தால் பின்கள் பச்சை பூத்து அரித்துப்போகும். முதலில் துடைத்துவிடுங்கள். பேட்டரி உப்பிவிட்டால் அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஒரு முறைகூட மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.

டிரிம்மருக்கு ஐசி மாற்றிக் கொடுத்தேன். ரூட்டர் அடாப்டரில் வெள்ளை டேப் ஒட்டி, ‘12 வோல்ட், ரூட்டருக்கு மட்டும்’ என்று என் பேனாவை வாங்கி அவரே எழுதிக்கொண்டார். வீட்டில் இன்னும் நான்கு அடாப்டர்கள் பெயர் தெரியாமல் கிடக்கின்றன என்று சொல்லி, மிச்ச டேப்பையும் கேட்டு வாங்கிப் போனார்.