புரூஃப் மார்க்: துப்பாக்கியில் இருக்கும் 'புரூஃப்' எதைச் சொல்கிறது?

புரூஃப் என்றதும் நமக்கு ரேஷன் கார்டு, ஆதார் என்று ஆவணங்கள்தான் நினைவுக்கு வரும். அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது மெய்ப்பு. பழைய பெல்ஜியத் துப்பாக்கியின் குழலில் குத்தியிருக்கும் புரூஃப் மார்க்குக்கு இந்த இரண்டுமே பொருந்தாது.

லத்தீனில் 'ப்ரொபாரே' என்றால் சோதித்துப் பார்ப்பது. அந்தச் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் புரூஃப் ஆனது. 'வாட்டர்புரூஃப்' என்கிறோமே, அதில் தாங்கும் என்ற பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கியிலும் அதே பொருள்தான். வழக்கத்தைவிடக் கூடுதலாக வெடிமருந்து கெட்டித்துச் சுடுவார்கள். குழல் புடைக்காமல், விரிசல் விடாமல் தாங்கினால் முத்திரை விழும். பெல்ஜியத்தில் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன லியேஜ் நகரத்தில் இந்தச் சோதனை 1672-லேயே சட்டமாகிவிட்டது. பிரெஞ்சில் இதற்கு 'எப்ரூவ்' என்று பெயர்.

சிலர் 'சான்று முத்திரை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் மாதிரி ஒலிக்கிறது. 'சுடுசோதனை முத்திரை' என்றால் நடந்தது என்னவென்று சொல்லிலேயே தெரிந்துவிடும். சுருக்கமாகச் சோதனை முத்திரை என்றாலும் சரி.

சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. லியேஜின் சோதனை முத்திரை இப்படி இருக்கும்: முட்டை வடிவக் கோட்டுக்குள் ஆங்கில எழுத்தில் மேலே 'ஈ', நடுவில் 'எல்-ஜி', கீழே ஒரு நட்சத்திரம். இதைப் பார்த்துவிட்டு 'ஈ.எல்.ஜி. கம்பெனித் துப்பாக்கி' என்று விற்பவர்கள் உண்டு. அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. ஈ என்பது எப்ரூவ், எல்-ஜி என்பது லியேஜ். நகையில் இருக்கும் ஹால்மார்க் பொன்னின் தரத்தைச் சொல்லுமே தவிர ஆசாரியின் பெயரைச் சொல்லாதே, அது போலத்தான்.

அப்புறம் செய்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத் தயாரிப்பாளர் முத்திரையைத் தனியாகத் தேட வேண்டும். கிரீடத்தின் கீழ் ஏ.எஃப். என்று இருந்தால் லியேஜ் தயாரிப்பாளரான பிரான்கோட். வேட்டைத் துப்பாக்கி என்றால் குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் இரண்டெழுத்து குழல் செய்தவருடையதாகவும் இருக்கலாம், அவசரப்படக் கூடாது. லியேஜில் குழலை ஒருவர் செய்வார், விசைப்பொறியை வேறொருவர் செய்வார், எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து விற்பவர் இன்னொருவர்.

சோதனை முத்திரை காலத்தைச் சொல்லும். முட்டைக் கோட்டின் தலையில் கிரீடம் ஏறியது 1893-ல். முட்டைக் கோட்டைத் தவிர, சோதித்த பரிசோதகரைக் குறிக்கும் ஓர் எழுத்தும் தனியாக இருக்கும். அந்த எழுத்துக்கு மேல் 1853 முதல் கிரீடம் இருந்தது, 1877 முதல் நட்சத்திரம் வந்தது. ஆக, ஒரு சின்னப் பாக்கெட் ரிவால்வரின் உருளையில் கிரீடமில்லாத முட்டைக் கோடும், நட்சத்திரத்துக்குக் கீழ் ஓர் எழுத்தும் இருந்தால் அது 1877-க்கும் 1893-க்கும் இடையில் சோதனைக்குப் போனது. வேறு முத்திரை எதுவும் இல்லையென்றால், செய்தவர் யாரென்று அதை வைத்துச் சொல்ல முடியாது.